பல்லிக்கு வால் வளர்கிறது, நமக்கு?

மீளுருவாக்க மருத்துவம், அதாவது கெட்டுப்போன திசுவையும் உறுப்பையும் புதிதாக வளர்க்கப் பார்க்கும் மருத்துவம் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சில இந்த வாரம்.

பல்லிக்கு வால் அறுந்தால் மறுபடி வளர்கிறது. மனிதனுக்கும் கை கால் அப்படி வளருமா? (பத்தாம் வகுப்பு மாணவர்)

தம்பி, பல்லிக்கே முழுசாகத் திரும்பக் கிடைப்பதில்லை. புது வாலில் எலும்புக் கணுக்கள் இருக்காது, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சேர்த்து முழுக் காலையே வளர்த்துக்கொள்வது, பார்க்கப் பல்லி போலிருக்கும், தவளைக்கு உறவான சாலமாண்டர்தான். நம்மிடமும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது: கல்லீரலில் பாதியைத் தானம் கொடுத்தவருக்குச் சில மாதங்களில் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். மற்றபடி பெரிய காயம் பட்டால் நம் உடம்பு அவசர அவசரமாகத் தழும்பு போட்டு மூடுகிறது. உயிர் பிழைக்கிறது, உறுப்பு திரும்புவதில்லை.

முழுக் கை வளரும் நாள் பக்கத்தில் இல்லை. ஆனால் தோல் வளர்ந்தாகிவிட்டது. 1983-ல் அமெரிக்காவில் உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோன சகோதரர்களான இரண்டு சிறுவர்களுக்கு, எரியாமல் தப்பிய துளித் தோலிலிருந்து ஆய்வகத்தில் தோல் வளர்த்து ஒட்டினார்கள், இருவருமே பிழைத்தார்கள். 2015-ல் ஜெர்மனியில், பிறவி மரபணுக் கோளாறால் தோல் உரிந்துகொண்டே இருந்த 7 வயதுப் பையனுக்கு, அவன் செல்களிலேயே கோளாறைச் சரிசெய்து உடம்பின் சுமார் 80 சதவீதத் தோலை மாற்றினார்கள். இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை வந்ததே இந்தக் குழந்தைகளால்தான்.

ஸ்டெம் செல் வேண்டுமென்றால் கருவை அழித்துத்தான் எடுக்க வேண்டுமா? மனசு ஒப்பவில்லை.

ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்; கருவில் இருப்பது உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். அதற்காகக் கருவை அழிக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. ஜப்பானில் ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவில் இருக்கும் செல்லைப் போலப் பின்னோக்கித் திருப்பினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் அது நடந்தது, 2012-ல் நோபல் பரிசும் வந்தது. கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வரும் செல்களும் இன்னும் ஆய்வில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் மகளுக்கு 9 வயது, டைப் 1 சர்க்கரை நோய். ஸ்டெம் செல்லில் குணமாகும் என்கிறார்கள். காத்திருக்கலாமா? (ஒரு தாய்)

அம்மா, நம்பிக்கையோடு இருங்கள், ஆனால் இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதுதான் இந்த நோய். அந்தச் செல்களை ஸ்டெம் செல்லிலிருந்து புதிதாகச் செய்ய முடியுமா என்று பல வருடம் போராடியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக விஞ்ஞானி டக்ளஸ் மெல்டன். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இதே நோய். 2014-ல் அவர் குழு வழியைக் கண்டுபிடித்தது.

2025-ல் வெளியான சோதனை முடிவில், இப்படிச் செய்த செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் இந்த நோயில் இது சாதாரண விஷயமில்லை.

சரி, இடைஞ்சல் என்ன? புதுச் செல்களையும் எதிர்ப்புச் சக்தி தாக்கும், அதனால் அதை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்துகள் தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடும். அதே சோதனையில் ஒருவர் பூஞ்சைத் தொற்றால் வந்த மூளைக்காய்ச்சலில் இறந்தார். சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி அவதிப்பட்ட பெரியவர்கள். இன்சுலினோடு சமாளித்து வரும் ஒரு குழந்தைக்கு இந்தக் கணக்கு இன்றைக்கு ஒத்துவராது. எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாதபடி மரபணுவைத் திருத்திய, தானமாகக் கிடைத்த கணையச் செல்களை ஸ்வீடனில் ஒருவரின் கைத்தசையில் வைத்துப் பார்த்தார்கள். அடக்கும் மருந்து இல்லாமலே 12 வாரம் கழித்தும் அவை இன்சுலின் சுரந்தன. அளவு குறைவு, அவர் இன்சுலின் ஊசியை விடவில்லை. ஆனாலும் உங்கள் மகளுக்கான கதவு இந்தப் பக்கம்தான் திறக்கும் என்று நினைக்கிறேன்.

முழங்கால் தேய்மானம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு வளரும் என்று விளம்பரம் பார்த்தேன். போட்டுக்கொள்ளலாமா? (58 வயது வாசகர்)

ஐயா, நானாக இருந்தால் போட்டுக்கொள்ள மாட்டேன்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது, அதனால்தான் அது தானாக ஆறுவதில்லை. விளையாட்டில் அடிபட்டு ஒரு சின்னக் குழி விழுந்த முழங்காலுக்கு, அவருடைய குருத்தெலும்புச் செல்லையே வளர்த்துக் குழியில் வைத்து மூடும் அறுவைச் சிகிச்சை 1987-லிருந்து இருக்கிறது, பலருக்குப் பலனும் தருகிறது. உங்களுடையது வயதால் மூட்டு முழுக்கத் தேய்ந்தது, அது வேறு. ஊசியில் போகும் செல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே அழிந்துபோகின்றன, அங்கே உட்கார்ந்து புதுக் குருத்தெலும்பாக மாறுவதாக நிரூபணம் இல்லை. சிலருக்கு வலி குறைவது உண்மைதான், வெறும் உப்புநீர் ஊசி போட்டாலும் சிலருக்குக் குறைகிறது.

‘நம்ம செல்தானே, என்ன கெடுதல் வரப்போகிறது’ என்று சொல்வார்கள். அமெரிக்காவில் கண்நோயால் பார்வை மங்கிவந்த மூன்று பெண்களுக்கு அவர்கள் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் ஊசியாகப் போட்டார்கள், மூவருக்கும் பார்வை பெருமளவு போய்விட்டது. 2017-ல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. காசும் அவர்களே கட்டியிருந்தார்கள். முழங்கால், சிறுநீரகம், ஆட்டிசம், வழுக்கை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று எழுதியிருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். சோதனை என்று சொல்லிவிட்டுச் சிகிச்சைக்குக் காசு கேட்டாலும் அப்படியே. தொடை முன்தசைக்குப் பயிற்சி, எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, முடியாத கட்டத்தில் மூட்டு மாற்று, இவைதான் இன்றைக்குக் கைகொடுப்பவை.

குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கலாமா?

தொப்புள்கொடி இரத்தத்தில் இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன, அதற்காகத்தான் சேமிக்கிறார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இரத்த நோய் இருந்து, மருத்துவர் சொன்னால் சேமியுங்கள். இல்லையென்றால் வேண்டாம். பிற்காலத்தில் அந்தக் குழந்தைக்கே மரபணு நோய் வந்தால், அதே பிழை சேமித்த செல்லிலும் இருக்கும். பொது வங்கி இருந்தால் அங்கே கொடுங்கள், பொருந்துகிற வேறொரு நோயாளிக்கு அது போய்ச் சேரும்.