கால் போனால் வேலையும் போகுமா?

கேள்வி: என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் 19 வருடமாக ஓட்டுநர். சர்க்கரை நோயால் போன வருடம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டது. ‘விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள், பையனுக்கு வேலை பார்க்கலாம்’ என்கிறார்கள் டெப்போவில். கையெழுத்துப் போடலாமா? புகார் எங்கே கொடுப்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் கணவரின் வேலையைச் சட்டம் காப்பாற்றியிருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20(4) பிரிவு இதற்காகவே இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களுடன் வேறு பணி தர வேண்டும். அப்படி ஓர் இடம் காலியில்லை என்றால், இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ அவருக்காகவே உருவாக்கும் கூடுதல் பணியிடத்தில் வைத்துக்கொள்ளலாம். அரசுக்குச் சொந்தமான கழகங்களும் இந்தப் பிரிவுக்குள் வரும். மெடிக்கல் போர்டு சொன்னது ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை என்பதை மட்டும்தான். அதைக் காட்டி வீட்டுக்கு அனுப்ப முடியாது.

பார்வை இழந்த மின்வாரிய ஊழியர் பகவான் தாஸ், தனக்கு ஓய்வும் மனைவிக்கு வேலையும் கேட்டுத் தானே கடிதம் எழுதிக் கொடுத்தார். அவருடைய உரிமையை எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. அதற்காக அவர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் மாற்றுப் பணி கேட்டு மனு எழுதுங்கள். நிறையப் பேர் ‘கருணை கூர்ந்து’ என்று எழுதிவிடுகிறார்கள். மனுவும் கருணைக் கோப்பில் போய்த் தூங்குகிறது. ‘2016 சட்டத்தின் 20(4) பிரிவின்படி, அதே சம்பள விகிதத்தில் மாற்றுப் பணி வழங்க வேண்டும்’ என்று நேராக எழுதுங்கள். மெடிக்கல் போர்டு அறிக்கை, மாற்றுத்திறனாளி சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். சிகிச்சைக் கால விடுப்புக்கு மருத்துவச் சான்று கொடுத்ததற்கும் அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் அனுமதியின்றி வராமல் இருந்தார் என்று மெமோ வரலாம்.

‘காலியிடம் இல்லை’ என்று வாயால் சொன்னால் விட்டுவிடாதீர்கள். 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அந்தச் சம்பள விகிதத்தில் உள்ள காலியிடப் பட்டியலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனுவுக்குப் பலன் இல்லையென்றால் புகார். அதே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, 2 வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம். ஆவணங்களை வரவழைக்கவும் சாட்சிகளை அழைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். பணி நீக்க உத்தரவே கைக்கு வந்துவிட்டால் அங்கே காத்திருக்காமல், தடை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடுங்கள்.

மாற்றுப் பணி ஆணை வந்ததும் சம்பள விகிதத்தைப் பாருங்கள். உதவியாளர் வேலை கொடுத்து உதவியாளர் சம்பளமே போட்டிருந்தால் அதுவும் சட்ட மீறல். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு வேலையில் சேரலாம்.

கேள்வி: நான் வேலை பார்ப்பது தனியார் ஆலை. காது கேட்காது என்பதால் பதவி உயர்வு மறுக்கிறார்கள். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?
- வாசகர், கோவை

பதில்: 20, 23 பிரிவுகள் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். ஆனால் ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்னும் 3(3) பிரிவு பொதுவானது. நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. அந்தக் கொள்கையின் நகலையும், பதவி உயர்வு மறுப்புக்கான காரணத்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலையோ, பதில் வராததையோ ஆதாரமாக வைத்து மாநில ஆணையரிடம் புகார் கொடுங்கள். சட்ட மீறலுக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.