சங்கிலியால் அளந்த காடு

கேள்வி: வேலியோ எல்லைக்கல்லோ இல்லாத காட்டு நிலத்தை அந்நாளைய அமெரிக்க நில அளவையாளர்கள் எவ்வாறு அளந்து பதிந்தனர்?
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு)

பதில்: திசைகாட்டியால் நேர்கோடு பிடித்து, 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட உலோகச் சங்கிலியை இருவர் முன்னும் பின்னுமாக இழுத்துச் சென்று அளந்தனர். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், நம் பினாங்குத் தோட்டக்காரர்கள் இன்றும் சொல்லும் அதே ஏக்கர். 1785ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிகள் வாழ்ந்த அந்நிலத்தை பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகவும் வகுத்தது.

என்னை வியக்க வைப்பது அவர்களுடைய குறிப்பேடுதான்: மூலையில் நட்ட கம்பம் உளுத்துப்போகும் என்பதால், அருகிலுள்ள மரங்களைச் செதுக்கி அடையாளமிட்டு, அவற்றின் இனம், பருமன், திசை, தொலைவு ஆகியவற்றோடு வழியில் கடந்த ஓடைகளையும் மண்ணின் தரத்தையும் எழுதிவைத்தனர். அக்குறிப்புகளைக் கொண்டே, அழிந்துபோன காடுகளின் இயல்பை ஆய்வாளர்கள் இன்று அறிகின்றனர்.