ஜீனோம் ஆராய்ச்சிக்குப் போகலாமா? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

கே: பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறேன். மனிதருக்கு மனிதர் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ தொகுப்பு, எப்படி மாறுபடுகிறது என்று ஆராய்ச்சி செய்ய ஆசை. டாக்டருக்குப் படித்தால்தான் முடியுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ப: டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. விலங்கியல், உயிர்வேதியியல், பயோடெக், ஏன், புள்ளியியல் படித்தவர்கள்கூட இதில் இருக்கிறார்கள். எம்.எஸ்சி.க்கு வெளியூர் போகவேண்டும் என்றும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியல் துறை இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் வேளச்சேரி வண்டி ஏறினால் தரமணியில் இறங்கலாம்.

அடுத்த படி ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு, அதாவது சி.எஸ்.ஐ.ஆர். நெட், லைஃப் சயின்ஸ் தாள். மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி 'சி' பகுதியில்தான்: 75 கேள்விகளில் 25-க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தப்பானால் 1 மதிப்பெண் போகும். மனப்பாடக்காரர்கள் சறுக்கும் இடம் இது. வம்சாவளிப் படம், மக்கள்கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதத்தைச் சொல்லும் ஹார்டி–வெயின்பெர்க் கணக்கு இரண்டையும் பேனாவும் தாளுமாகப் போட்டுப் பழகினால் யோசித்தே விடை கண்டுபிடிக்கலாம். இந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஐதராபாத் சி.சி.எம்.பி., டெல்லி ஐ.ஜி.ஐ.பி., மேற்கு வங்கக் கல்யாணியில் உள்ள என்.ஐ.பி.எம்.ஜி. என்று ஆய்வு நிறுவனங்களில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க அந்த உதவித்தொகை பெரிய பலம்.

கே: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குக் காசிமேட்டில் 100 பேரிடம் ரத்தம் எடுத்து டிஎன்ஏ பார்க்க நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்கவேண்டும்?
– வாசகர், ராயபுரம்

ப: முதல் சொட்டு ரத்தம் எடுக்குமுன் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கவேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில், படித்துக்காட்டினால் புரியும்படி இருக்கட்டும். 'எதிர்கால ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாமா' என்ற கேள்விக்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

பிறந்த ஊரைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வடசென்னையில் பிறந்தவர் என்பது மரபியலுக்கு ஒன்றும் சொல்லாது. நெல்லூரிலிருந்து வந்த குடும்பமும் உண்டு, ராமநாதபுரத்துக் குடும்பமும் உண்டு, பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களும் உண்டு. தாத்தா பாட்டி நால்வரின் ஊரையும் தனித்தனியாக எழுதுங்கள். அண்ணன் தம்பி, பெரியப்பா மகன், அத்தை மகள் ஒரே பட்டியலில் வந்தால் ஒரே குடும்பத்தின் மரபணுவைத் திரும்பத் திரும்ப எண்ணுவீர்கள்.

ரத்தம் ஊதா மூடிக் குழாயில்தான்; அதில் உறையாமல் தடுக்கும் இடிடிஏ இருக்கும். பச்சை மூடியில் இருக்கும் ஹெப்பாரின் என்ற உறைதடுப்பான், டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும். நிரப்பியதும் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள்; குலுக்கினால் செல்கள் உடையும், சும்மா வைத்தால் கட்டிப்போகும். ஐஸ் பெட்டியில் குழாய் நேராக ஐஸ் பேக்கில் படக்கூடாது, நடுவே துணியோ அட்டையோ வேண்டும். 4 டிகிரியில் சில நாள் தாங்கும். அதற்குமேல் என்றால் சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள். ஒரே குழாயை உருக்கி உறைய, உருக்கி உறைய வைத்தால் டிஎன்ஏ துண்டு துண்டாகும்.

உப்பு முறையில் பிரித்தால் 1 மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய 30 மைக்ரோகிராம் டிஎன்ஏ எதிர்பார்க்கலாம். சிவப்பணுக்களை உடைத்துக் கழுவி, வெள்ளையணுக்களை டிடர்ஜெண்ட்டும் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியும் சேர்த்துக் கரைத்து, அடர்ந்த உப்புக் கரைசலால் புரதத்தைப் படியவைத்து, தெளிந்த நீரில் குளிர்ந்த எத்தனால் ஊற்றினால் வெள்ளை நூலாகத் திரண்டு வரும். 70 சதவீத எத்தனாலில் ஒருமுறை கழுவுங்கள். இங்கேதான் அவசரம் வேலையைக் கெடுக்கும். எத்தனால் முழுக்கப் போகாவிட்டால் டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் குழியில் விட்ட டிஎன்ஏ அடியில் தங்காமல் மேலே மிதந்து போய்விடும். அளவுக்குமீறிக் காயவைத்தாலோ டிஎன்ஏ கரையவே கரையாது. 260, 280 நானோமீட்டர் ஒளியை டிஎன்ஏ உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 1.8-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. நன்றாகக் குறைந்திருந்தால் புரதம் மிச்சம், 2-க்குப் போனால் ஆர்என்ஏ கலந்திருக்கிறது.

எதைத் தேடுவது? 100 பேர் என்றால் ஒவ்வொரு மரபணுவுக்கும் 200 பிரதி. அலீல் என்பது ஒரு மரபணுவின் மாற்று வடிவம். 1 சதவீத அலீல் ஒன்று உங்கள் ஊரில் இருந்தும் கண்ணிலேயே படாமல் போக ஏறக்குறைய 13 சதவீத வாய்ப்பு. ஆகவே அரிதானதைத் துரத்தாதீர்கள். இதயத் தசைப் புரதத்துக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் டிஎன்ஏவின் 25 எழுத்து விடுபட்ட மாற்றம் இந்தியரில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதாகவும், இதயத் தசை நோயோடு தொடர்புடையதாகவும் 2009-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதைப் பார்க்க எழுத்து எழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் தேவையில்லை. பிசிஆர் செய்து 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் 25 எழுத்து வித்தியாசம் தெரியும். ஒரு பிரதியில் மட்டும் அந்த 25 எழுத்து விடுபட்டவரிடம் சில சமயம் மூன்றாவது பட்டை வரும். வேறு வேறு நீளமுள்ள இழைகள் மாறி ஜோடி சேர்வதால் வருவது அது, புது கண்டுபிடிப்பு என்று ஓடவேண்டாம். ஒவ்வொரு பிசிஆரிலும் டிஎன்ஏ போடாத வெறும் நீர்க் குழாய் ஒன்று கட்டாயம். அதில் பட்டை வந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு.

கே: டிஎன்ஏ பார்த்து ஒருவர் என்ன சாதி என்று சொல்ல முடியுமா?
– வாசகர், பெரம்பூர்

ப: முடியாது, அப்படிச் சொல்லி விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். 2009-ல் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த ஆய்வு, இந்தியரில் பெரும்பாலோர் இரண்டு பழைய மூதாதை மக்களின் கலப்பு, அளவுதான் குழுவுக்குக் குழு மாறுகிறது என்று காட்டியது. குழுவின் சராசரியை வைத்து ஒருவர் நெற்றியில் பெயர் ஒட்டமுடியாது.

கே: லேப் வசதி இல்லாத கல்லூரி. வீட்டு லேப்டாப்பில் ஏதாவது பழக முடியுமா?
– வாசகி, வியாசர்பாடி

ப: தாராளமாக. இன்றைக்கு இந்தத் துறையில் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான். உலகின் பல மக்கள் குழுக்களின் ஜீனோமைப் படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவு இலவசம். 26 குழுக்கள், 2504 பேர். அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். முழு ஜீனோமையும் இறக்கப் பார்த்தால் லேப்டாப் மூச்சுமுட்டும். 22-ஆம் குரோமோசோம் மட்டும் போதும், சுமார் 200 எம்பி. லினக்ஸ் கட்டளைகள், மரபணுத் தரவைக் கையாளும் பிளிங்க் என்ற இலவச மென்பொருள், கொஞ்சம் ஆர் என்ற புள்ளியியல் கணினிமொழி, இவை போதும். 5 சதவீதத்துக்குக் குறைந்த அலீல்களை நீக்கி, பக்கத்துப் பக்கத்தில் ஒன்றாகவே பயணிக்கும் இடங்களைக் குறைத்து, பிசிஏ (ஆயிரக்கணக்கான மாறுபாடுகளைச் சில அச்சுகளில் சுருக்கிக் காட்டும் கணக்கு) போட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்கர், கிழக்கு ஆசியர், தெற்காசியர் தனித்தனியே பிரிந்து வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

வேறு தரவோடு சேர்க்கும்போது இரண்டு பொறி. ஒன்று, ஒப்பிடப் பயன்படும் மனித ஜீனோம் வரைபடத்தின் 37-ஆம் பதிப்பு, 38-ஆம் பதிப்பு முகவரிகள் வேறு வேறு. கலந்தால் மென்பொருள் திட்டாது, முடிவு மட்டும் தப்பாக வரும். இன்னொன்று, டிஎன்ஏவின் இரு இழைகளில் ஏ-வுக்கு டி, சி-க்கு ஜி ஜோடி என்பதால், ஏ–டி, சி–ஜி மாற்றங்களில் எந்த இழையைப் படித்தார்கள் என்று தெரியாது. தொடக்கநிலையில் அவற்றைத் தூக்கிவிடுவதே நல்லது. ஒவ்வோர் இடத்தையும் எத்தனை முறை படித்த தரவு என்றும் பாருங்கள். ஓர் இடத்தை 5 முறைதான் படித்திருந்தால், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வேறு வேறு எழுத்து வந்தவரிடம் ஐந்தும் ஒரே பக்கத்திலிருந்து வர 16-ல் 1 வாய்ப்பு. அவரிடம் ஒரே எழுத்துதான் இருக்கிறது என்று எழுதிவிடுவீர்கள். 30 முறை கேட்பது அதனால்தான்.

கே: எங்கள் வீட்டில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம். ஜீனோம் டெஸ்ட் எடுத்துவிட்டுக் கல்யாணம் செய்யலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் குழந்தையின் ஜீனோமில் சராசரியாக 16-ல் 1 பங்கு இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வரும், தாய்மாமன் கல்யாணத்தில் 8-ல் 1 பங்கு. மறைந்திருக்கும் நோய் மாற்றங்கள் வெளிப்படும் இடம் அதுதான். தலைமுறை தலைமுறையாக நடந்திருந்தால் இன்னும் கூடும்.

ஆனால் ஜீனோம் டெஸ்ட்டுக்குத் தாவவேண்டாம். முதலில் மரபியல் ஆலோசகரிடம் மூன்று தலைமுறை வம்சாவளியைச் சொல்லுங்கள். கைக்குழந்தையிலேயே இறந்தவர்கள், காது கேளாதவர்கள் விவரத்தை மறைக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கு, ஹீமோகுளோபினின் ஒரு வகையான எச்பிஏ2 அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை செலவு குறைவு. 3.5 சதவீதத்துக்குமேல் இருந்தால் கேரியர், அதாவது நோயில்லாமல் அந்த மாற்றத்தைச் சுமப்பவர், என்று சந்தேகிப்பார்கள். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைக் கீழே இழுத்துக் காட்டும் என்பதால், சோகை உள்ளவர் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.