மார்கோஸின் ராணுவம் 1986இல் மக்களைச் சுடாமல் நின்றது ஏன்?

பிலிப்பைன்ஸில் மக்கள் கூடி நின்றதாலேயே ஆட்சி கவிழ்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டளைக்குப் பணிய வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் பணிய மறுத்ததே அடிப்படைக் காரணம் என்பேன்.

1965 முதல் அதிபர் பதவியிலிருந்த ஃபெர்டினாண்ட் மார்கோஸ், 1972இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்து எதிர்ப்பாளர்களைச் சிறையிலடைத்தார். 1983இல் நாடு திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டது, அதுவரை ஒதுங்கியிருந்த நடுத்தர வர்க்கத்தையும் வீதிக்குக் கொண்டுவந்தது. 1986 பிப்ரவரி 7ஆம் தேதி நடந்த தேர்தலில் மார்கோஸை எதிர்த்து அக்கினோவின் மனைவி கோரசோன் போட்டியிட்டார். வாக்குக் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஊழியர்களில் 30க்கும் மேற்பட்டோர், தாங்கள் பதிந்த எண்களும் பலகையில் காட்டப்பட்ட எண்களும் ஒத்துப்போகாததைக் கண்டு, பாதி வேலையில் எழுந்து வெளியேறினார்கள். எந்தப் பாதுகாப்பும் இல்லாத அந்தச் சாதாரண அலுவலர்களின் துணிவுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

பிப்ரவரி 22இல் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோசும் மார்கோஸை விட்டு விலகி ராணுவ முகாமுக்குள் புகுந்தனர். அவர்களைக் காக்குமாறு மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின் வானொலியில் அழைத்ததும், முகாமையொட்டிய எட்சா சாலையில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையுடன் டாங்கிகளின் முன் மண்டியிட, மக்கள் வீரர்களுக்கு உணவும் பூவும் நீட்டினார்கள். தம் தாயையோ தங்கையையோ ஒத்தவர்கள் எதிரே நிற்கையில் வீரர்களுக்குச் சுடக் கை வரவில்லை. படைப்பிரிவுகள் அடுத்தடுத்து அணி மாறின. நெடுநாள் துணைநின்ற அமெரிக்காவும் கைவிரிக்கவே, பிப்ரவரி 25 இரவு மார்கோஸ் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறி ஹவாய் சென்றார்.