நிரல் அனுப்பும் மின்னஞ்சலின் வடிவம் ஏன் குலைகிறது?
நிரல் வழியாக அனுப்பும் அறிவிப்பு மடல் பிரவுசரில் சரியாகத் தெரிந்தும், பெறுபவரிடம் வடிவம் குலைந்து, லோகோவும் கையொப்பமும் இல்லாமல் போய்ச் சேர்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மடலின் வடிவத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லை மின்னஞ்சல் செயலிகள் பிரவுசரைப் போலக் கையாள்வதில்லை. விண்டோஸுக்கான வழக்கமான அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து வேர்டின் காட்சிப் பொறியையே பயன்படுத்துவதால், பகுதிகளை அடுக்கி வைக்க உதவும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் போன்ற வசதிகள் அதில் எடுபடுவதில்லை. ஆகவே, இணையப் பக்கங்களில் எப்போதோ வழக்கொழிந்த டேபிள் அமைப்பை ஏறத்தாழ 600 பிக்சல் அகலத்தில் வைத்து, ஸ்டைல்களை ஒவ்வொரு டேகுக்குள்ளும் எழுதுவதே, பார்க்க அழகில்லாவிட்டாலும், பாதுகாப்பானது.

பெரும்பாலோர் தடுமாறுவது படத்தில்தான். உங்கள் கணினியிலுள்ள கோப்பின் பாதை பெறுபவருக்குப் பயன்படாது. படத்தை பேஸ்64 ஆக, அதாவது எழுத்துத் தொடராக, மாற்றி உள்ளே பதித்தால் ஜிமெயில் காட்டாது. லோகோவை மடலோடு இணைத்து, அந்த இணைப்பை அடையாளம் காட்டும் கன்டென்ட்-ஐடி தலைப்பில் <லோகோ1> என்று கோண அடைப்புக்குறியோடும், படத்தின் முகவரியில் சிஐடி:லோகோ1 என்று அக்குறி இல்லாமலும் எழுத வேண்டும். அகலத்தை ஸ்டைலில் மட்டும் குறித்தால் அவுட்லுக் அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும் என்பதால், விட்த் பண்பிலும் குறிப்பிடுங்கள்.

கையொப்பத்தைச் சேர்ப்பது மடல் எழுதும் திரை. மடல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வழியாக நிரல் நேரே அனுப்பும்போது அந்தத் திரைக்கு வேலையே இல்லாததால், வார்ப்புருவின் இறுதியில் நீங்களே அதை எழுதிவிட வேண்டும். எச்டிஎம்எல் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும், அப்போது முதலில் காணாமற்போவது அந்தக் கையொப்பமே.

வெறும் உரை வடிவத்தையும் சேர்ப்பதானால், அதை முதலிலும் எச்டிஎம்எல்லைக் கடைசியிலும் வையுங்கள். கடைசியில் வருவதையே செயலிகள் தேர்ந்தெடுக்கும்.