இன்ஷூரன்ஸ் பேனல்ல சேரப் போற தெரபிஸ்ட்டுங்க கேட்டதும் நான் சொன்னதும்

அமெரிக்காவுல சொந்தமா தெரபி பிராக்டிஸ் நடத்துறவங்க கேட்டது இதெல்லாம். பேனல்னா, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் குடுக்க ஒத்துக்கிட்ட தெரபிஸ்ட்டுங்க லிஸ்ட். நான் பில்லிங் ஆளு, வக்கீல் இல்ல.

கேள்வி: அக்கா, லைசென்ஸ் இப்பதான் கைக்கு வந்துச்சு, எதுல ஆரம்பிக்கணும்?

என்பிஐ நம்பர் வாங்குங்க, அது மருத்துவ சேவை தர்றவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற அடையாள எண், காசு கிடையாது. உங்க பேருக்கு டைப் 1, எல்எல்சின்னு கம்பெனி பதிவு பண்ணி வச்சிருந்தா அதுக்குத் தனியா டைப் 2. அடுத்து சிஏக்யூஹெச் புரொஃபைல், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க உங்க விவரத்தைப் பாக்கற ஆன்லைன் பதிவு, இதுலதான் பாதிப் பேர் வழுக்கி விழறாங்க, ஒருதடவை நிரப்பிட்டா வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க, ஆனா பெரும்பாலான மாநிலத்துல 120 நாளைக்கு ஒருக்கா உள்ள போய் எல்லாம் சரிதான்னு உறுதி (அட்டெஸ்ட்) பண்ணணும். மால்பிராக்டிஸ் பாலிசி, அதாவது தொழில்ல தப்பு நடந்துச்சுன்னு கேஸ் வந்தா காப்பாத்தற இன்ஷூரன்ஸ், ஒரு கேஸுக்கு 1 மில்லியன் டாலர், வருஷத்துக்கு மொத்தம் 3 மில்லியன்னு நிறைய கம்பெனி கேக்கும். வேலையில ஆறு மாசத்துக்கு மேல கேப் இருந்தா காரணம் கேப்பாங்க. ஹெச்4 விசாவுல (வேலை விசாவுல இருக்கறவங்க குடும்பத்துக்கான விசா) வீட்ல இருந்தேன்னா அதையே எழுதுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: அப்ளை பண்ணிட்டேன், இப்பவே கிளையன்ட் பாக்கலாமா?

பாக்கலாம், ஆனா இன்ஷூரன்ஸ் பணம் வராது. எஃபெக்டிவ் டேட், அதாவது எந்தத் தேதிலேந்து நீங்க பேனல்ல இருக்கீங்கன்னு லெட்டர்ல வரணும், அதுக்கு மூணு நாலு மாசம் சாதாரணமா ஆகும், முன்தேதி போட்டுத் தர்றது அபூர்வம்.

கேள்வி: எல்லா செஷனுக்கும் 90837 (செஷன் நேரத்தைக் காட்டற பில்லிங் கோட் நம்பர்) போடறேன், இன்ஷூரன்ஸ் கம்பெனி லெட்டர் அனுப்பியிருக்கு, பயமா இருக்கு.

நீங்க நிஜமா எத்தனை நிமிஷம் பாக்கறீங்க? 53 நிமிஷமோ அதுக்கு மேலயோ இருந்தாதான் 90837. 38லேந்து 52 வரைக்கும் 90834. ஐம்பது நிமிஷம் பாத்துட்டு 90837 போட்டா ஆடிட்ல குடுத்த பணத்தைத் திருப்பிப் புடுங்கிடுவாங்க. ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம் நோட்ல இருக்கட்டும், அன்னிக்குப் பேசினது டிரீட்மென்ட் பிளான்ல எந்த இலக்குக்குன்னும் ஒரு வரி இருக்கட்டும். "கிளையன்ட் நல்லா இருக்காங்க, தொடரலாம்"னு எழுதினா, நல்லா இருந்தா எதுக்கு தெரபின்னுதான் ஆடிட் பண்றவன் கேப்பான்.

கேள்வி: அப்ப கிளையன்ட் சொன்ன ரகசியமெல்லாம் இன்ஷூரன்ஸ்காரங்க படிப்பாங்களா சார்?

சார் இல்லீங்க, அக்கா. ஹிப்பான்னு மருத்துவத் தகவல் ரகசியத்துக்கான சட்டம், அதுல சைக்கோதெரபி நோட்ஸ்னு தனி வகை இருக்கு, உங்க சொந்தக் குறிப்பை ரெக்கார்டுலேந்து பிரிச்சு வச்சீங்கன்னா, அதைக் குடுத்தாதான் பணம்னு அவங்க சொல்ல முடியாது. ஆனா டயக்னோசிஸ், நேரம், பிளான் இதெல்லாம் அதுக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது.

கேள்வி: கஷ்டப்படறவங்களுக்கு கோபே (கிளையன்ட் தன் கையிலேந்து கட்டற பங்கு) விட்டுடலாமா?

எல்லாருக்கும் வழக்கமா விட்டா கான்ட்ராக்ட் மீறல். ஒருத்தருக்குன்னா அவங்க கஷ்டத்தை எழுதி ஃபைல்ல வைங்க.

கேள்வி: பேனல் ஃபுல்லுன்னுட்டாங்க.

தமிழ்ல தெரபி பண்ணுவேன், சாயந்தர ஸ்லாட் இருக்குன்னு எழுதி மறுபடி கேளுங்க. கெடச்சா, எந்த செஷனுக்கு எவ்வளவு தருவாங்கன்னு இருக்கற ரேட் ஷீட்டைப் பாக்காம மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க.