விற்பவர் முரண்டு பிடித்தால்: மதுரை வாசகர் கேள்விகள்

விளாங்குடியில் ஒரு வீட்டுக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். இப்போது விலையைக் கூட்டிக் கேட்கிறார். என்ன செய்ய?

ஒப்பந்தம் பதிவானதா, கெடு எப்போது, பணம் வங்கி வழியாகப் போனதா? இதையெல்லாம் எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்திருந்தால், மீதிப் பணத்தோடு தயாராக இருப்பதாக உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போடக் கெடு தேதியிலிருந்து 3 ஆண்டு உண்டு, ஆனால் தாமதித்தால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். வெறும் ஸ்டாம்ப் பேப்பர் என்றால் அட்வான்ஸைத் திரும்ப வாங்கும் வழியையும் பாருங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் கொடுக்கிறார்கள். வீடு, மனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கை மாறக் கூடாது.

ஆடி முடியட்டும் என்கிறார் விற்பவர். நழுவுகிறாரா?

இல்லை, நம் ஊர் வழக்கம் அது. அதற்குள் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள்.

செல்லூர் வீட்டில் ஒத்திக்கு (மொத்தப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல்) ஆள் இருக்கிறார். 'நீங்களே பேசிக் காலி பண்ணிக்கோங்க' என்கிறார் உரிமையாளர்.

ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒத்திப் பணத்தைக் கிரையத் தொகையில் கழித்து, ஒத்திக்காரரிடமே நேராகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சாவி கைக்கு வந்த பிறகு பத்திரம். பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கத்தில் வராது. வீட்டுக்குள் போய் விசாரியுங்கள்.

அப்பா சம்பாதித்த வீடு. உயில் இல்லை. அண்ணன் தம்பி மூவரும் விற்கத் தயார். 'தங்கச்சிக்குச் சீர் செய்தாச்சு, அவள் கையெழுத்து எதற்கு' என்கிறார்கள். வாங்கலாமா?

கூடாது. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தத் தங்கச்சியைப் பற்றித்தான். கேட்பவர்கள் எல்லோரும் அவரை ஒரு தொல்லையாகவே எழுதுகிறார்கள். அவரும் உரிமையாளர். உயில் இல்லாமல் போன அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கல்யாணம் ஆகி எத்தனை வருடமானாலும், எத்தனை பவுன் போட்டிருந்தாலும் அது மாறாது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

மூவரிடம் மட்டும் வாங்கினால் அவர்கள் பங்குதான் உங்களுக்கு வரும். எந்தச் சுவர் யாருடையது என்று தெரியாமல் பாகப்பிரிவினை வழக்கில் நிற்பீர்கள். அண்ணன்களை அனுப்பாமல் நீங்களே போய் அந்தத் தங்கச்சியைப் பாருங்கள். வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், தங்கச்சி பங்குக்கான டிடி அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். சும்மா கையெழுத்துப் போடு என்று அழுத்தி வாங்கும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்; பின்னால் வழக்குக்கு அதுவே காரணமாகும்.

தோப்பூர் பக்கம் எய்ம்ஸ் மருத்துவமனையைச் சொல்லி விற்பவர் இரண்டு மடங்கு விலை கேட்கிறார்.

அடிக்கல் நாட்டியது 2019-ல். அன்று முதல் அந்தப் பேச்சு விலையில் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்துச் சர்வே எண்களில் அண்மையில் பதிவான கிரையங்களை விசாரித்து, உங்கள் விலையை ஒரே தடவை சொல்லிவிட்டு வாருங்கள்.